மாமிக்கு லீவு

2024 ஓகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஐந்து நாற்பது. வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லை. சோளகக் காற்று விடியற்காலையிலிருந்து ஓயாமல் வீசியது. பனை வடலி ஓலைகள் சரசரத்தபடி இருந்தன. கைத்தொலைபேசியில் யார் கதைத்தாலும் பாதிச் சொல்லைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. காற்றைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று என் மனைவி பிறகு வாதாடினாள். எனக்குக் கேட்டது. ஐந்து சொல்லும் கேட்டன.

நாங்கள் நின்றது கிணற்றடியில். வட்டுக்கோட்டையில் என் வளவுக்கும் என் அண்ணனின் வளவுக்கும் நடுவில், எல்லைக் கோட்டின் மேலேயே இருக்கிற கிணறு அது. பாதி எனக்கு, பாதி அண்ணனுக்கு. அண்ணன் இளம் வயதிலேயே கனடா போய், மூன்று வருடத்துக்கு முன் அங்கேயே காலமானார். அவருடைய காணியும் கிணற்றின் பாதியும் அவருடைய ஒரே மகளுக்குப் போயின. அவள் எனக்குப் பெறாமகள். தமிழ் கதைப்பாள், ஆனால் ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஆங்கிலத்தில் இறங்கிவிடுவாள்.

எங்கள் இரண்டு வளவுகளுக்கும் பின்னால் இருப்பது என் தங்கையின் வளவு. பெறாமகளுக்கு அவள் மாமி. அறுபத்தெட்டு வயது, கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஆடுகள் ஐந்து. அவளுடைய காணியிலும் ஒரு கிணறு உண்டு. அதில் சவர்த் தண்ணீர். பாத்திரம் கழுவலாம், ஆட்டுக்கு வைக்கலாம், தேத்தண்ணீர் வைத்தால் பால் திரைந்துவிடும். எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அவளுக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதியபோது கிணற்றில் பங்கு எழுதப்படவில்லை. கூடப் பிறந்தவள் தண்ணீர் அள்ள உறுதி எதற்கு என்று அன்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நாற்பத்தாறு வருடமாக வாளியோடு வந்து அள்ளிக்கொண்டு போனாள், கடைசி ஆறு வருடமும் அண்ணனின் வெறும் வளவுக்கூடாக.

என் வளவுக்கூடாக ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் அவளுக்கும் இடையில் மதில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய ஆடு என் கதலி வாழைக்கன்றுகள் மூன்றைத் தின்றது. நான் சீமெந்துக் கல் முந்நூற்றுப் பன்னிரண்டு வாங்கி மதில் கட்டினேன். வாழை அதன்பின் நன்றாக வந்தது.

இப்போது பெறாமகள் தன் காணியை விற்கப் போகிறாள். அவளுக்கு அங்கே வீட்டுக்கடன் இருக்கிறது. வாங்க வந்தவர் கொழும்பில் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் முதல் நாளே சொன்னார்: கிணற்றின் பாதி இல்லாமல் காணி வேண்டாம், வாங்கினால் சுற்றி மதில் எழும்பும், ஆட்களை உள்ளே விடமுடியாது. அந்த மதில் எழும்பினால் என் தங்கைக்கு வழியும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை.

ஆகவேதான் பெறாமகளுக்கு அழைப்பு எடுத்தேன். கிணற்றின் பாதியை விற்பதா, மாமிக்காக வைத்திருப்பதா என்று தெளிவாக ஆங்கிலத்திலேயே கேட்டேன். தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். பத்தடி தள்ளி, கிணற்றுக் கட்டில் ஒரு காலை வைத்தபடி தங்கை தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியேல்லை சித்தப்பா," என்றாள் பெறாமகள். அங்கே காலை எட்டு மணி. பின்னால் யாரோ பெட்டி இழுக்கிற சத்தம். "ஜஸ்ட் லீவ் இட் டு மாமி."

"அப்பிடியெண்டால்?"

"லீவ் இட் டு மாமி. சரி, நான் வெளிக்கிடுறன். நாளையிலை இருந்து ரெண்டு கிழமை நான் லீவ். காட்டுக்குள்ளை ஒரு கொட்டேஜ். அங்கை போன் வேலை செய்யாது. பாய் சித்தப்பா, பாய் சின்னம்மா."

திரை இருண்டது. தங்கை வாளியைத் தூக்கினாள், தன் வழியே போனாள். காற்று அவளுடைய சேலைத் தலைப்பை ஒரு பக்கமாக இழுத்தது.

"கேட்டியே?" என்றேன் மனைவியிடம். "மாமி என்ன சொல்லுறாவோ அப்பிடிச் செய்யுங்கோ எண்டு சொல்லிப்போட்டாள். முடிவு தங்கச்சியின்ரை கையிலை."

"உங்களுக்கு விசரே? மாமிக்கு விட்டிட்டன் எண்டு சொல்லுறாள். குடுத்திட்டாள். கிணத்தின்ரை பாதி இனி மச்சாளின்ரை."

"லீவ் எண்டால் குடுக்கிறது எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"சிட்னியிலை செத்த என்ரை அண்ணை சொன்னவர். மரணசாசனத்திலை. ஐ லீவ் மை வாட்ச் டு மை சிஸ்டர் எண்டுதானே எழுதினவர்? அந்த மணிக்கூடு உங்கடை கையிலைதானே கிடக்குது!"

கிடந்தது. ஐந்து ஐம்பத்திரண்டு காட்டியது.

ஆங்கிலத்தில் வேறெந்தச் சொல்லையும் பற்றி என்னோடு வாதாடலாம். இந்த ஒரு சொல் என்னுடையது. அரசாங்கக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். அதில் பத்தொன்பது வருடம் லீவுக் கிளார்க். இருநூற்றுக்கு மேற்பட்ட உத்தியோகத்தர்களின் கசுவல் லீவு இருபத்தொரு நாளையும், வருட லீவு இருபத்துநாலு நாளையும், அரை நாள் லீவையும், சம்பளமில்லாத லீவையும் நான்தான் கழித்தேன். லீவு என்பது எண்ணக்கூடிய பொருள் என்று அப்போது நினைத்தேன். அரிசி மாதிரி, கல்லு மாதிரி.

ஆனால் அந்தச் சொல் அப்படி ஒரு இடத்தில் நிற்கிற சாதி அல்ல. எங்கள் கந்தோரில் ஒரு பியோன் இருந்தான். ஆங்கிலத்தில் எழுதினால்தான் லீவு கெதியாகக் கிடைக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் அவன் எழுதி அனுப்பினான்: மை ஃபாதர் ஹாஸ் லெஃப்ட் அஸ், கைண்ட்லி லீவ் மீ த்ரீ டேய்ஸ். தகப்பன் எங்களை விட்டுப் போய்விட்டார், தயவுசெய்து என்னை மூன்று நாள் விடுங்கள். நான் உடனே அனுமதித்தேன். மலர்வளையத்துக்கு மேசைக்கு மேசை காசு சேர்த்தோம். மூன்றாம் நாள் பதினொரு மணிக்குத் தகப்பன் குடையோடு கந்தோருக்கு வந்து, மகன் நிற்கிறானா என்று கேட்டார். மகனோடு சண்டை பிடித்துக்கொண்டு நெல்லியடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்திருக்கிறார். மலர்வளையக் காசில் அவருக்கு வடையும் தேத்தண்ணீரும் வாங்கிக் கொடுத்தோம். மிச்சமும் இருந்தது.

தமிழில் எங்களுடைய 'விடு' என்ற சொல்லும் இப்படித்தான், ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. மழை விட்டது, பள்ளிக்கூடம் விட்டது, குடத்தில் தண்ணீர் விட்டாள், சுருட்டை விட்டான். எதிலும் ஏதோ ஒன்று கையைவிட்டுப் போகிறது. லீவ் என்ற ஆங்கிலச் சொல்லோ, போகிறவனுக்கும் அதுதான், அவன் வைத்துவிட்டுப் போகிறதற்கும் அதுதான். அண்ணன் ஊரை லீவ் பண்ணினார். அண்ணன் ஒரு காணியையும் அரைக் கிணற்றையும் லீவ் பண்ணினார். போனதும் அதே சொல், மிஞ்சியதும் அதே சொல். பழைய கடிதங்களில் அனுமதிக்கும் அதே சொல்லைத்தான் எழுதுவார்கள். எதையும் தொடாமல் சும்மா இருக்கச் சொல்வதற்கும் அதுதான். ஆனால் லீவ், அதன் பின்னால் இட், அதன் பின்னால் டு என்று வந்து, நடுவில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தால், பொருள் ஒன்றே ஒன்றுதான்: அந்த ஆளிடம் பொறுப்பை விடு. இதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் மனைவிக்கு மூன்று தரம் விளக்கினேன்.

"இடியப்பம் ஆறுது," என்றாள்.

மறுநாள் தங்கை தண்ணீருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. முடிவெடுக்க நேரம் எடுக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். பொறுப்பைக் கொடுத்தால் ஆட்கள் யோசிப்பார்கள்தானே. நானாகப் போய்க் கேட்டால் நெருக்குவது போல இருக்கும் என்று பொறுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போய் வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"உங்கடை தங்கச்சி கோயில் கிணத்திலை தண்ணி அள்ளுறா. சைக்கிளிலை ரெண்டு பிளாஸ்டிக் கானைக் கட்டி, தள்ளிக்கொண்டு போறா. இந்த வெயிலுக்கை."

"ஏன்?"

"அதைத்தான் நானும் கேட்டனான். 'எனக்குத்தானே லீவு தந்தாச்சு மச்சாள்' எண்டு சிரிக்கிறா."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"காத்துக்கை அவவுக்குக் கேட்டது என்ன? லீவ். மாமி. பேந்து ரெண்டு கிழமை லீவ். அவ்வளவுதான். மாமிக்கு லீவு, இனிக் கிணத்தடிக்கு வரவேண்டாம் எண்டு விளங்கியிருக்கிறா. மிச்சத்தைக் கேக்காமலே வீட்டை போட்டா."

"அப்பிடி ஒரு கருத்தே இல்லை!"

"ஏன் இல்லை? நீங்கள்தானே வீட்டை வந்து சொல்லுவியள், இண்டைக்கு அவனுக்கு லீவு குடுத்தன், இவனுக்கு லீவு குடுத்தன் எண்டு. உங்கடை வாயிலை இருந்து அவ வேறை என்ன லீவைக் கேட்டவ?"

 செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். பிழையான விளக்கத்தைத் திருத்தினால் காரியம் முடிந்தது. அன்று மாலையே, விலைபேசிக் கிடக்கிற அண்ணனின் வளவை மிதிக்க விரும்பாமல், சந்தியைச் சுற்றி, வாசல் வழியாகத் தங்கை வீட்டுக்குப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டிலிருந்து இருபது அடி. சுற்றிப் போனால் முக்கால் கிலோமீற்றர்.

அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கான்களும் குசினி வாசலில் இருந்தன. ஒன்றின் மூடி தொலைந்துபோய், பொலித்தீன் துண்டு கட்டியிருந்தது.

"பிள்ளை, நீ பிழையா விளங்கியிட்டாய். அவள் உனக்கு லீவு தரேல்லை. முடிவை உன்னட்டை விட்டிருக்கிறாள்."

"மச்சாள் சொல்லுறா, கிணத்தை எனக்கு எழுதிப்போட்டாளாம்."

"அது மச்சாளின்ரை கருத்து. பிழை."

"உங்கடை கருத்து?"

"கிணத்தை விக்கிறதோ, வைக்கிறதோ, நீ சொல்லுறதுதான்."

குழைக் கட்டை இறுக்கி முடிந்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணை, ஒரு சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு கருத்து. அவள் பிள்ளை திரும்பி வந்து தன்ரை வாயாலை சொல்லட்டும். அதுமட்டும் நான் லீவிலையே இருக்கிறன். கோயில் தண்ணியும் நல்லாத்தான் கிடக்குது."

பெறாமகள் காட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் நான் நான்கு செய்தி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மாலை ஐந்தே முக்காலுக்கு மதிலுக்கு அப்பால் சைக்கிள் சங்கிலி கிறுகிறுக்கிற சத்தம் கேட்கும். கானில் தண்ணீர் குலுங்கும்.  மனைவி தேத்தண்ணீரை என் முன்னால் சற்றுப் பலமாக வைப்பாள்.

ஓகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம். இந்தத் தடவை காற்று இல்லாத இடமாகப் பார்த்து, கதவு யன்னல் பூட்டி, கூடத்தில் இருந்து எடுத்தேன். பெறாமகளின் முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"ஒரேயொரு கேள்வி," என்றேன். "நீ அண்டைக்கு லீவ் இட் டு மாமி எண்டு சொன்னனி. அதுக்குக் கருத்து என்ன? அவவிட்டை முடிவை விடுகிறதோ, அவவுக்குப் பங்கைக் குடுக்கிறதோ?"

"ஐயோ சித்தப்பா, இவ்வளவு நாளும் அதை யோசிச்சுக்கொண்டா இருந்தனீங்கள்? மாமி என்ன சொல்லுறாவோ அதைச் செய்யுங்கோ எண்டுதான். அவதானே அங்கை தண்ணி குடிக்கிறவ. வேண்டாம் எண்டால் நான் விக்கேல்லை. வீட்டுக்கடனுக்கு வேறை வழி பாக்கிறன்."

நான் மனைவியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.  

"சரி, நீங்கள் வெண்டிட்டியள்," என்றாள் அவள். "லீவுக் கிளார்க்கை இங்கிலீசிலை வெல்லேலாது. இனிப் போய் உந்த வெற்றியைத் தங்கச்சிக்குக் குடிக்கக் குடுங்கோ."

சுற்றிப் போகும் முக்கால் கிலோமீற்றரும் நான் சரி என்பதில் எனக்குத் திருப்தி இருந்தது. அதை மறைக்கவில்லை. தங்கையிடம் பெறாமகள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தேன். வீட்டுக்கடன் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

தங்கை ஆட்டின் காதைத் தடவினாள்.

"முடிவு என்ரைதானே?"

"ஓம்."

"அப்ப விக்கச் சொல்லுங்கோ. பெரியண்ணையின்ரை பிள்ளை கடனோடை கிடக்க, நான் கிணத்தைப் பிடிச்சு வச்சு என்ன செய்யிறது? கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறதோ?"

"தண்ணிக்கு?"

"கோயில் கிணறு ஓடிப்போகுதே?"

"உனக்கு எழுபது வரப்போகுது. எத்தினை நாளைக்குச் சைக்கிள் தள்ளுவாய்?"

"தள்ளேலாத அண்டைக்கு யோசிப்பம். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். தேத்தண்ணீர் வந்தது, குடித்தேன், கோயில் தண்ணீர் பரவாயில்லை. எதிரே என் மதில். அந்தப் பக்கத்திலிருந்து நான் அதை அதிகம் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் பூசவில்லை. மேசன் கேட்டபோது, அவளுடைய பக்கத்தைப் பூச என்னத்துக்குச் செலவு என்று நான்தான் சொன்னேன். கல்லும் சாந்தும் அப்படியே தெரிந்தன. மேல் வரிசைக்கு மேலாக என் கதலிகளின் குலை ஒன்று தொங்கியது. அதற்கு அப்பால் கிணற்றுக் கப்பி.

முடிவை அவளிடம் விட்டோம், அவள் எடுத்துவிட்டாள். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வசனத்தின்படி எல்லாம் சரியாக நடந்து முடிந்த பிறகும் தங்கைக்குத் தண்ணீர் இல்லை. பெறாமகளின் பாதியைப் பற்றியே இரண்டு கிழமையாக நாங்கள் மூன்று பேரும் அடிபட்டோம். கிணற்றில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அது என்னுடையது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, நானும்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "காலமை மேசனுக்கு அடி. மதிலிலை நாலடி உடைக்கவேணும்."

"எந்த மதில்?"

"எங்கடை எத்தினை மதில் கிடக்குது?"

அவள் தொலைபேசியை எடுத்து அப்போதே அடித்தாள். காலைவரை பொறுத்தால் நான் மாறிவிடுவேன் என்று பயந்திருப்பாள். நான் மாறுகிற ஆள் இல்லை. ஆனாலும் அவள் அடித்தது நல்லதுதான்.

செவ்வாய்க்கிழமை மேசன் உடைத்தான். சுத்தியல் சத்தத்துக்குத் தங்கை ஓடிவந்து, இடைவெளிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"என்ன அண்ணை உது?"

"கேற்று வரும். உனக்கு என்ரை பங்கிலை பாதி. கிணத்திலை நாலிலொண்டு. உறுதி முடிப்பம்."

"எனக்கு வேண்டாம். என்ரை ஆடு உங்கடை வாழையைத் தின்னும்."

"கேற்றைப் பூட்டிக்கொண்டு வா."

"தண்ணிக்கு என்னத்துக்கு அண்ணை உறுதி? இவ்வளவு காலமும்..."

"அண்ணையும் உப்பிடித்தான் சொன்னவர். நானும் சொன்னனான். நாளைக்கு என்ரை பிள்ளையளிலை ஒண்டும் எங்கையோ இருந்துகொண்டு விக்கும். நான் உனக்கு லீவ் பண்ணுறதை எழுத்திலை லீவ் பண்ணவேணும்."

"அது என்ன லீவு?"

"மச்சாளின்ரை லீவு," என்றேன். உள்ளே குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவியின் காதில் விழுந்திருக்கிறது.

தங்கை உடைந்த கல்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று இன்னொரு தரம் சொல்வாள் என்று நினைத்தேன். "மதில் உடைச்சாச்சு," என்றேன். "திருப்பிக் கட்ட என்னட்டைக் காசில்லை."

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு, கேற்று இன்னும் வராத இடைவெளிக்கூடாக, அவள் வாளியோடு வந்தாள். நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கப்பியில் கயிறு போட்டபடி, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"சேர், லீவு முடிஞ்சு வேலைக்கு வந்திட்டன். எத்தினை நாள்?"

நான் மனதிலே கழித்துப் பார்த்தேன். "பதினேழு."

"எதிலை கழிக்கிறியள்?"

"கசுவலிலை. இன்னும் நாலு நாள் மிச்சம் கிடக்குது. கவனமாப் பாவி."

அவள் சிரித்த சிரிப்பில் முதல் வாளி பாதி சிந்திப்போனது. நல்ல தண்ணீர், அரை வாளி. சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

காணியைக் கொழும்புக்காரர் வாங்கினார். சொன்னபடியே மதில் கட்டினார், இரண்டு பக்கமும் பூசினார். செப்டெம்பரில் நொத்தாரிசிடம் போய் உறுதி முடித்தோம். நன்கொடை உறுதியில் பெறுகிறவரும் ஏற்றுக்கொண்டேன் என்று ஒப்பமிட வேண்டும். தண்ணீருக்கு ஒப்பமோ என்று தங்கை திரும்பவும் கேட்டாள், திரும்பவும் சிரித்தாள், இட்டாள். உறுதி தமிழில் எழுதப்பட்டது. அதில் கிணற்றில் நாலிலொரு பங்கும் வழியும் நீர் அள்ளும் உரித்தும் என்று இருக்கிறது. யாரும் வேறு கருத்து எடுக்க வழி இல்லாதபடி நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தேன்.

நொத்தாரிசு கூலி, முத்திரை, பதிவு, அளவை, மேசன், இரும்புக் கேற்று, அந்தக் கேற்றைப் பூட்டாமல் அவள் ஒரு நாள் போனதில் ஆடு தின்ற வாழைக்கன்றுகள் இரண்டு, எல்லாமாக எனக்குத் தொண்ணூற்றாறாயிரத்து எண்ணூறு ரூபா செலவு.